மீன் மேல ஏறி நின்ன வைத்தியம்

போன மாசம் முழங்கால்ல அடி. பிசியோதெரபியில ரெண்டு பேட் ஒட்டி, டென்ஸ் மெஷினை ஆன் பண்ணாங்க. எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு, வலி மங்குச்சு. புது கண்டுபிடிப்புன்னு நினைச்சேன். இல்லை.

கி.பி. 47 வாக்கில் ரோம மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கௌட் மூட்டுவலிக்கு எழுதிய வைத்தியம்: ஈரக் கடற்கரையில், உயிருள்ள மின்திருக்கை மீது, கால் முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும்!

இதுக்கு ஒரு விளக்கம் கிடைக்க 1965 ஆச்சு. மெல்சாக், வால் ரெண்டு பேரும் சொன்னது: தண்டுவடத்தில் ஒரு ‘கதவு’ இருக்கு, தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டினால் வலிச் செய்தி உள்ளே போறது குறையும். இடிச்ச இடத்தை நாம தேய்ச்சு விடுறதும் இதே கணக்குதான்.

ஆனா கதவு மூடினா காயம் ஆறிடுச்சுன்னு அர்த்தமில்லை. வலி குறைஞ்ச தெம்புல மாடிப்படி ஓடினேன். மறுநாள் முழங்கால் வீங்கிருச்சு.