மேட்டழகிய சிங்கர் முன் இரணியன்

திருவரங்கம் பெரிய கோயிலில் தாயார் சன்னிதிக்கு முன்னுள்ள நான்குகால் மண்டபம் கம்பர் மண்டபம் என்று வழங்குகிறது. புலவரும் அடியாரும் கூடிய அவையில் ஒரு நூலை முதன்முதலாகப் படித்துக்காட்டி ஒப்புதல் பெறுவதே அரங்கேற்றம். கம்பன் தன் இராமகாதையை அவ்வாறு அரங்கேற்றிய இடம் இதுவே என்பது வைணவ மரபு. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை எவ்வாறு சேர்க்கலாம் என்று அவையோர் தடுத்ததாகவும், எதிரே மேட்டில் எழுந்தருளியிருக்கும் நரசிங்கராகிய அழகிய சிங்கர் தலையசைத்து முழங்கி அதனை ஏற்றதாகவும் அம்மரபு கூறும். அரங்கேற்ற ஆண்டைச் சகம் 807, அதாவது கி.பி. 885 என்று குறிக்கும் தனிப்பாடல் ஒன்று உண்டு. கம்பனை 12ஆம் நூற்றாண்டினனாகக் கொள்வோர் அதனை ஏற்பதில்லை. காலக்கணக்கு எவ்வாறாயினும், தமிழிலக்கியத்தின் ஒரு பாத்திரத்தைப் பற்றிய வாதம் ஒரு கோயிலின் கல்மண்டபத்தோடு சேர்த்தே நினைக்கப்படுவது அரிய செய்தியாகும்.

கம்பநாடகம் என்று இக்காப்பியத்தைச் சொல்லும் வழக்குக்கு இப்படலம் தக்க சான்று. தூண் பிளந்து திருமால் நரசிங்கமாகத் தோன்றிய பின்னும், வணங்கி உய்யுமாறு மகன் பிரகலாதன் வேண்டுகிறான். இரணியனோ நகைத்து, அந்தச் சிங்கத்தின் தோளையும் தாளையும் துணித்து, மகனையும் வெட்டிவிட்டு, அதன்பின் தன் வாளைத் தொழுவதன்றி வேறு எதனையும் தொழமாட்டேன் என்கிறான். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்னும் தொல்காப்பியம், இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை ஆகிய நான்கிலிருந்து அழுகை பிறக்கும் என்றும், அஞ்சாமையாகிய தறுகண் முதலியவற்றிலிருந்து பெருமிதம் பிறக்கும் என்றும் வகுக்கிறது. இரணியன் வீழும் இடத்தில் கம்பன் அழுகையை அன்றிப் பெருமிதத்தையே நிறுத்தியிருக்கிறான். தான் பெற்றிருந்த வரத்தால் வந்த பாதுகாப்பு அத்தனையும் உடைந்த நொடியிலும் அவன் குன்றவில்லை. உயர்ந்த நிலையிலிருப்பவன் தன் பிழையால் வீழ்வதே அவல நாடகம் என்ற அரிஸ்டாட்டிலின் விளக்கத்துக்கும் இவன் பொருந்துவான்.

இக்கதையை இலங்கையில் சொல்பவன் வீடணன், கேட்பவன் இராவணன். நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களில் தம்பி சொன்ன எச்சரிக்கைக்கு அண்ணன் தரும் மறுமொழி அடுத்த படலத்தில் வருகிறது. தந்தையின் மார்பை மாயவன் பிளக்கக் கண்டு மகிழ்ந்த பிரகலாதனும், நம் பகைவனிடம் அன்பு காட்டும் நீயும் ஒப்பானவர்களே என்கிறான் இராவணன். பக்தியின் வெற்றியாகச் சொல்லப்பட்ட கதையை அவன், தந்தைக்கு மகன் இழைத்த துரோகமாகக் கேட்கிறான். ஆகவே இரணியன் பக்கம் நின்று இப்படலத்துக்கு முதன்முதலில் பொருள் சொன்ன விமர்சகன் காப்பியத்துக்குள்ளேயே இருக்கிறான். அவனுக்கும் பேச்சுரிமை தந்தது கம்பனின் பெருமை.

திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்த வ.வே.சு. ஐயர், சிறையிலிருந்தபோது கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு, அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் நூலாயிற்று. ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு கம்பனை நிறுத்தி எடைபோட்ட அந்நூல், கம்பனின் மாந்தரைப் புராணப் பெயர்களாக அன்றி நாடகப் பாத்திரங்களாக நோக்கும் வழியைத் திறந்தது.

இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வந்தவர், திருச்சியில் 1982இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்துக்குப் பெயராகியிருக்கும் பாரதிதாசன். 1934இல் பெரியார் தலைமையில் மேடையேறிய அவருடைய ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகத்தில் இரணியன் தமிழ் மன்னன். ஆரியப் பெண்ணின் காதலில் மயங்கிய மகனைக் கருவியாகக் கொண்டு பகைவர் செய்யும் சூழ்ச்சியால் அவன் கொல்லப்படுகிறான். தெய்வத்தை நீக்கியதும் கதை முழு அவலமாகிவிட்டது. இதனைக் கம்பனுக்கு வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. இராவணனின் மறுமொழியில் இருந்த வித்தே இங்கு முழு நாடகமாக வளர்ந்திருக்கிறது. ஆனால் கம்பனில் அந்த வாதத்தைச் சொல்பவனும் இரணியனைப் போலவே அழிவை நோக்கி நடப்பவன் என்பதால், அங்கே அவலம் இரு மடங்காகிறது. பாரதிதாசனின் நாடகத்தில் இந்த ஆழம் இல்லை.

இரணியன் வதைப் படலத்தைத் தனி நூலாக எடுத்து ஓதுவோரும், அதனைப் பகுத்தறிவு நோக்கில் மறுப்போரும் அதோடு நின்றுவிடாமல், அடுத்த படலத்தில் இராவணன் கூறும் அந்த மறுமொழியையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.