ஊசிக்குள் ஒரு கம்பி

வியாழக்கிழமை. பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் கால் வைக்க இடமில்லை. முடி கொட்டிய மகனைத் தோளில் சாய்த்திருந்த தர்மபுரிக்கார அம்மா ஒருவர் கேட்டார்: "முதுகுல தண்ணி எடுத்தா கால் வெளங்காமப் போயிடும்கிறாங்களே, நெசமாங்க?" மறுநாள் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் பையனுக்கு அந்த ஊசி.

அந்த ஊசி பிறந்தது 1891இல், ஜெர்மனியின் கீல் நகரில். தலையில் நீர் கோத்த குழந்தைகளுக்காக ஹைன்ரிச் குவின்கே என்ற மருத்துவர், தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழே கீழ்முதுகு முள்ளெலும்புகளின் இடுக்கில் குத்தினார். ஊசியின் துளைக்குள் மெல்லிய கம்பி ஒன்று அடைத்திருக்கும். உள்ளே போனபின் அதை உருவினால் நீர் துளித்துளியாகச் சொட்டும்.

அந்தக் கம்பியின் அருமை வெகுகாலம் கழித்தே புரிந்தது. காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு முதுகில் ஊசி மேல் ஊசியாகப் போட்ட காலத்தில், கம்பியில்லாத ஊசி தோலின் துணுக்கை வெட்டி உள்ளே கொண்டுபோய்விட்டது. அந்தத் துணுக்கு உள்ளேயே வளர்ந்தது. ஆண்டுகள் கழித்துக் கட்டியாகித் தண்டுவட நரம்புகளை அழுத்தியது. கிரேக்க மருத்துவர்கள் 1956இல் 'லான்செட்' இதழில் இதை எழுதினார்கள்.

ரத்தப் புற்றுநோய்க்கு இந்த ஊசி ஏன்? புற்றணுக்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரில் ஒளிந்துகொள்ளும்; நரம்பில் ஏற்றும் மருந்து அங்கே போதிய அளவு சேராது. 1960களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் டொனால்ட் பிங்கல் என்ற மருத்துவர் மூளைக்குக் கதிர்வீச்சோடு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை முதுகு வழியாகவும் கொடுத்தார். பிழைப்பதே அரிதாயிருந்த குழந்தைகளில் பாதிப்பேர் பிழைத்தார்கள். (அந்த மருந்து வகையை உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.) இன்று ஒரே குழந்தைக்குப் பத்து முறைக்கு மேலும் குத்த வேண்டியிருக்கிறது. அத்தனை முறையும் அந்தக் கம்பி உள்ளே இருந்தாக வேண்டும். ஊசியை எடுக்கும்போதும் அதைத் திரும்பச் செருகுவது நல்லது: மியூனிக்கில் 600 பேரிடம் செய்து 1998இல் வெளியான ஆய்வில், செருகி எடுத்தவர்களில் 5 சதவீதத்தினருக்கும் செருகாமல் எடுத்தவர்களில் 16 சதவீதத்தினருக்கும் தலைவலி வந்தது.

அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால் உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம். அதனால்தான் முதலில் ரத்தம் பார்க்கிறார்கள். கால் விழுவது மிக அபூர்வம். இந்த ஊசிக்குப் பயந்து சிகிச்சையை விடுவதுதான் பேராபத்து.

குணமான பிள்ளை ஆண்டுகள் கழித்து முதுகுவலி, கால்வலி என்றால், சிறுவயதில் முதுகில் ஊசி போட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.