வால் இல்லாத விமானம்: ஒரு விதையில் தொடங்கிய கதை



"பி.காம். படித்துவிட்டு வங்கியில் பேரேடு எழுதியவருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். இந்த விமானத்துக்கு வாலும் இல்லை, தனியாக உடலும் இல்லை. இறக்கை மட்டும்தான். பொம்மை கிளைடராகவும் அதைச் செய்கிறார்கள், போர் விமானமாகவும் செய்கிறார்கள். அதன் வரலாறு முழுவதும் கணக்கை நேர் செய்த கதைதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் வால் எதற்கு என்று பார்ப்போம். விமானத்தை இறக்கை மேலே தூக்குகிறது, எடை கீழே இழுக்கிறது. எடை மையம், தூக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தால்தான் விமானம் நிலையாகப் பறக்கும். ஆனால் அப்படி இருந்தால் மூக்கு கீழே சாயும். பின்னால் இருக்கும் வால் கீழ்நோக்கி அழுத்தி அந்தச் சாய்வைச் சரிக்கட்டுகிறது. வங்கியில் ஒருவர் பதிவு போட்டால் இன்னொருவர் சரிபார்ப்பார் அல்லவா? வால் அந்த இரண்டாவது ஆள்.

வாலை எடுத்துவிட்டால் எடை குறையும், காற்றின் தடையும் குறையும், லாபம்தான். ஆனால் சரிபார்க்கும் வேலையை யார் செய்வது? இறக்கையேதான் செய்ய வேண்டும்.

ஜாவா காட்டுக் கொடி

இந்த வேலையை இயற்கை எப்போதோ செய்து முடித்துவிட்டது. ஜாவா, சுமத்ரா காடுகளில் உயரமான மரங்களில் ஏறிப் படரும் ஒரு கொடி உண்டு. நம் பாகற்காய், புடலங்காய் குடும்பம்தான். அல்சோமிட்ரா என்று பெயர், அக்காலத்தில் சனோனியா என்றார்கள். அதன் காயிலிருந்து விழும் விதையைச் சுற்றி மெல்லிய காகிதம் போன்ற இறக்கை, ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கும். முருங்கை விதைக்கும் இறக்கை உண்டு. ஆனால் அது சுழன்று விழும், இது வழுக்கிக்கொண்டே வெகுதூரம் போகும். கனமான விதை நடுவிலிருந்து சற்று முன்னால் இருக்கிறது, இறக்கையின் ஓரங்கள் பின்னோக்கி வளைந்து லேசாக மேலே தூக்கியிருக்கின்றன. அவ்வளவுதான் ரகசியம்.

ஜெர்மானியப் பேராசிரியர் ஃபிரீட்ரிச் ஆல்போர்ன் 1897-ல் இந்த விதையைப் பற்றி எழுதினார். அதைப் படித்த ஈகோ எட்ரிச், இன்றைய செக் நாட்டுப் பகுதியில் நூற்பாலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. விதையின் வடிவில் பெரிய கிளைடர் செய்தார். முதலில் ஆள் இல்லாமல் பறக்கவிட்டார். 1906-ல் அவருடைய கூட்டாளி ஃபிரான்ஸ் வெல்ஸ் அதே வடிவில் ஏறிப் பறந்தார். ஆனால் என்ஜின் பொருத்தப் போனபோது கணக்கு நேராகவில்லை. எட்ரிச் பின்னால் ஒரு வாலைச் சேர்த்தார். அதுதான் 1910-ல் பறந்த 'டாபே'. ஜெர்மன் மொழியில் புறா என்று பொருள்.

அதே 1910-ல் இங்கிலாந்தில் ஜே.டபிள்யூ. டன் என்பவர், பின்னோக்கிச் சாய்ந்த இரட்டை அடுக்கு இறக்கையுடன் வாலில்லா விமானம் ஒன்றை ஓட்டினார். ஆர்வில் ரைட் பார்த்துக்கொண்டிருக்க, பறக்கும்போதே விசைகளிலிருந்து கைகளை எடுத்துவிட்டுக் காகிதத்தில் குறிப்பு எழுதிக் காட்டினார். இறக்கையின் நுனிகள் பின்னால் தள்ளி இருந்ததாலும், சற்றுத் திருகி இருந்ததாலும், வாலின் வேலையை அவையே பார்த்துக்கொண்டன.

போன் நகரத்துச் சகோதரர்கள்

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் என்ஜின் விமானங்களுக்குக் கடும் கட்டுப்பாடு. அதனால் இளைஞர்கள் கிளைடர் பக்கம் திரும்பினார்கள். வாசர்குப்பே என்ற மலையில் ஆண்டுதோறும் போட்டி நடக்கும். அங்கே அலெக்சாண்டர் லிப்பிஷ் 1920-களிலேயே வாலில்லா கிளைடர்களைச் செய்து வந்தார்.

போன் நகரத்து வால்டர், ரைமர், வொல்ஃப்ராம் ஹோர்ட்டன் சகோதரர்கள் சிறுவர்களாக மாதிரி விமானம் செய்து பழகியவர்கள். அந்த மாதிரிகளில் கற்றதை வைத்து 1933-ல் ஆள் ஏறும் முதல் கிளைடரைப் பெற்றோர் வீட்டிலேயே கட்டினார்கள். மூத்தவருக்கே இருபது வயதைச் சற்றுத் தாண்டியிருந்தது. 1934-ல் மலைப் போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்ப எடுத்து வர வசதியில்லாமல் அங்கேயே எரித்துவிட்டார்கள். எரிந்தது மரமும் துணியும்தான், கற்ற பாடம் அடுத்த கிளைடருக்குப் போனது.

இதற்குப் பின் கதை இருண்டது. நாஜி ஆட்சியில் மூவரும் விமானப்படையில் சேர்ந்தார்கள். வொல்ஃப்ராம் 1940-ல் போரில் இறந்தார். மற்ற இருவரும் ஜெட் என்ஜின் வைத்த பறக்கும் இறக்கை ஒன்றைச் செய்தார்கள். 1945 பிப்ரவரியில் சோதனையின்போது அது விழுந்து விமானி எர்வின் சில்லர் உயிரிழந்தார். மாதிரி விமானத்தில் தொடங்கிய ஆசை ஆயுதமாக முடிந்தது. இதை மறைத்துவிட்டு அவர்கள் திறமையை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

அமெரிக்காவில் ஐந்து பேர்

அமெரிக்காவில் ஜாக் நார்த்ராப்புக்கும் இதே கனவு. அவர் படிப்படியாகப் போனவர். 1940-ல் ஒரு சிறிய சோதனை விமானம். பிறகு, கட்டப்போகும் பெரிய விமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இன்னொன்று. அதன் பிறகே 172 அடி அகலத்தில் முழு அளவு. 1947-ல் அதன் ஜெட் வடிவம் பறந்தது. ஆனால் மூக்கு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது, குண்டைக் குறிபார்த்துப் போட முடியவில்லை. 1948 ஜூன் 5 அன்று அவற்றில் ஒன்று வானத்திலேயே உடைந்து விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கேப்டன் கிளென் எட்வர்ட்ஸ். கலிஃபோர்னியா பாலைவனத்தில் உள்ள அந்த விமானதளத்துக்கு அடுத்த ஆண்டு அவர் பெயரையே வைத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, கட்டிக்கொண்டிருந்தவை பழைய இரும்பாகப் போயின.

1980-ல், சக்கர நாற்காலியில் இருந்த நார்த்ராப்பை அழைத்து, சிறப்பு அனுமதியுடன் ஒரு சிறு மாதிரியைக் கையில் கொடுத்தார்கள். அன்று ரகசியமாக இருந்த பி-2 விமானத்தின் வடிவம் அது. பறக்கும் இறக்கைதான். மறு ஆண்டு அவர் காலமானார். 1989-ல் பி-2 பறந்தது. அதன் அகலமும் அதே 172 அடி. கைக்கும் கண்ணுக்கும் எட்டாத வேகத்தில் நடக்க வேண்டிய சரிபார்ப்பை அதில் கணினி செய்கிறது.

கதை அங்கேயும் முடியவில்லை. ரைமர் ஹோர்ட்டன் தன் கிளைடர்களில் நுனியை நோக்கித் தூக்கும் விசை குறைந்துகொண்டே போகும்படி இறக்கையைத் திருகியிருந்தார். அப்படிச் செய்தால் செங்குத்து வால் இல்லாமலேயே திரும்ப முடியுமா என்று நாசா பொறியாளர் ஆல்பியன் பவர்ஸ் சோதித்தார். மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மாதிரி கிளைடர்கள் செய்து, ரப்பர் கயிற்றால் இழுத்துப் பறக்கவிட்டார். முடியும் என்று 2016-ல் அறிக்கை வந்தது. சோதனை நடந்த இடம் எட்வர்ட்ஸ் விமானதளம்.

யோசித்துப் பாருங்கள். ஐந்து பேர் உயிரைக் கொடுத்த மண்ணிலேயே, யாருக்கும் ஒரு கீறல் இல்லாமல், ஒரு மாதிரி அதே இறக்கையைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்லித் தந்தது. சின்னதில் விழுந்தால் செலவு காகிதம். பெரியதில் விழுந்தால் செலவு வேறு.

நீங்களும் செய்யலாம்

விடுமுறையில் பிள்ளைகளோடு உட்காருங்கள். சார்ட் அட்டையில் பூமராங் போல 'வி' வடிவம் வெட்டுங்கள். நுனிக்கு நுனி 40 செ.மீ., இறக்கையின் அகலம் 7 செ.மீ., நுனிகள் மூக்கைவிட 9 செ.மீ. பின்னால் இருக்கட்டும். முன் விளிம்பில் 1 செ.மீ. மடித்து ஒட்டினால் விறைப்பாக நிற்கும். நடுவில் லேசாக மடித்து, இரு இறக்கையும் சற்றே மேல்நோக்கி இருக்கும்படி செய்யுங்கள். பின் விளிம்பின் இரு நுனிகளையும் சிறிது மேலே வளையுங்கள். இதுதான் உங்கள் வால்.

மூக்கில் மூன்று நான்கு ஜெம் கிளிப் மாட்டுங்கள். மூக்கிலிருந்து சுமார் 5 செ.மீ. பின்னால் விரல்களில் தாங்கினால் சமமாக நிற்க வேண்டும். பிறகு தோள் உயரத்திலிருந்து, மூக்கு மிக லேசாகக் கீழே பார்க்க, மெதுவாகத் தள்ளிவிடுங்கள். வீசக் கூடாது.

மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்து, மீண்டும் தூக்கி அலை அலையாகப் போனால் மூக்கில் எடை போதவில்லை. ஒரு கிளிப் கூட்டுங்கள். நேராகத் தரையில் குத்தினால் பின் விளிம்பை இன்னும் சிறிது மேலே வளையுங்கள். ஒரு பக்கமாகவே திரும்பினால் இரு நுனிகளின் வளைவும் ஒரே அளவா என்று கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். எதுவானாலும் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. கணக்கு நேராகாத மாலைகளில் நாங்கள் வங்கியில் கடைப்பிடித்த விதியும் அதுதான்.

மொட்டை மாடி வேண்டாம். காற்று அதிகம், பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்ப்பார்கள். கீழே புல்தரையில், காற்று அடங்கிய காலை வேளையில் விடுங்கள். முதல் பத்துத் தடவை விழும். "உனக்கு வரவில்லை, கொடு" என்று பிள்ளையின் கையிலிருந்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஏன் விழுந்தது என்று கேளுங்கள். பதினோராவது தடவை பறந்தால் அது அவர்கள் கணக்கு, அவர்களே நேர் செய்தது.

அடுத்த இதழில் சந்திப்போம்.