வீடு மாறும்போது திறன் கருவிகளையும் கவனியுங்கள்

மொன்றியலில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் யூன் 30இல் முடிகின்றன. யூலை 1இல் நகரமே வீடு மாறுகிறது. சாவி கைமாறிவிடும். ஆனால் கதவிலுள்ள திறன்பூட்டும் அழைப்புமணிக் கமராவும் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டும் முன்பு குடியிருந்தவரின் கணக்கிலேயே இருக்கலாம். அப்படியானால் அவர் தன் கைபேசியிலிருந்தே கதவைத் திறக்கலாம்; நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தையும் அறியலாம்.

ஆகவே குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு கருவியையும் ரீசெட் செய்து உங்கள் பெயரில் பதியுங்கள். வெளியேறும்போது உங்கள் கணக்கிலிருந்து அவற்றை நீக்கிவிடுங்கள்.

கருவியுடன் வரும் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், யாரும் மாற்றாமல் விட்ட இத்தகைய கடவுச்சொற்கள் சுமார் 60ஐ வைத்தே இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21இல் அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு முடங்கின.

புதிதாக வாங்குவோர், பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் எனக் கேளுங்கள். வைஃபையின் விருந்தினர் இணைப்பை இக்கருவிகளுக்கு ஒதுக்குங்கள். வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினி அதில் சேர வேண்டாம்.

கியூபெக்கின் 25ஆம் இலக்கச் சட்டப்படி, 2023 செப்டெம்பர் 22 முதல், தனியுரிமைத் தெரிவுகள் கொண்ட தொழில்நுட்பப் பொருள்களில் அவை மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையிலேயே முன்கூட்டி அமைந்திருக்க வேண்டும். ஆனால் முன்னவர் விட்டுச்சென்ற கணக்கை அச்சட்டம் நீக்கித் தராது. அதை நீங்கள்தான் செய்யவேண்டும்.