மீட்டர் நம்முது, கம்பி யாருது?

சிம் கார்டு பிடிக்கலைன்னா போர்ட் பண்ணிடறோம். நம்பர் அதே, கம்பெனி மட்டும் வேற. கரன்ட்டுக்கு மட்டும் ஏன் அந்த வசதி இல்லை? ரேட்டை ஒப்பிட்டுப் பார்த்து, குறைவா கொடுக்கிறவங்ககிட்ட ஏன் மாற முடியலை? இன்னைக்கு இந்தக் கேள்வியோட வரலாற்றைப் பார்ப்போம்.

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம், ஏரியூர். பென்னாகரம் தாண்டி, மேட்டூர் அணையோட நீர்ப்பரப்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அதனால இந்தக் கதையை நான் அங்கிருந்துதான் பார்க்கிறேன்.

மேட்டூர் அணை வேலை 1925-ல் ஆரம்பிச்சு 1934-ல் முடிஞ்சது. 1937-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. பைக்காராவில் 1932-லேயே தொடங்கியாச்சு. இது ரெண்டுமே அரசாங்கத் திட்டங்கள். ஆனா மின்சாரம் முதலில் போனது ஆலைகளுக்கும் நகரங்களுக்கும்தான். தண்ணி தேங்குறது நம்ம பக்கம், பல்பு எரியுறது வேற பக்கம்!

அந்தக் காலத்தில் நகரங்களில் மின்சாரம் விற்றது பெரும்பாலும் தனியார் கம்பெனிகள். சென்னைக்கு ஒரு கம்பெனி, மதுரைக்கு ஒண்ணு, கும்பகோணத்துக்கு ஒண்ணு. 1910-ம் வருஷச் சட்டப்படி ஒரே ஊரில் இரண்டாவது கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கத் தடை இல்லை. ஆனா நடைமுறையில் ஊருக்கு ஒரு கம்பெனிதான். காரணம் சிம்பிள். ஒரே தெருவில் ரெண்டு வரிசை போஸ்ட் நட்டா ரெண்டு கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. அதே கணக்கால்தான் ஏரியூர் மாதிரி ஊருக்கு ஒரு கம்பெனிகூட வரலை. நாலு வீட்டுக்காக மைல் கணக்கா கம்பி இழுக்க எந்த வியாபாரிக்கு மனசு வரும்?

1947-ல் சென்னை மின் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1948-ல் மின்வழங்கல் சட்டம் வந்தது. 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் பிறந்தது. நகரமும் கிராமமும் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் வந்தன. கோயம்புத்தூர் மில் கட்டின பணத்தில் ஒரு பங்கு எங்கேயோ ஒரு கிராமத்துக் கம்பமா நின்றது. நம்மால் கம்பெனி மாற்ற முடியாததுக்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கு.

சரி, மாற்ற முடிந்த இடத்தில் என்ன ஆச்சு? மும்பைக்குப் போவோம். 2008-ல் உச்ச நீதிமன்றம், டாடா பவர் அங்கே வீடுகளுக்கும் மின்சாரம் விற்கலாம்னு தீர்ப்பு சொன்னது. 2009-ல் ஒழுங்குமுறை ஆணையம் வழி திறந்தது. ரிலையன்ஸோட கம்பி வழியாவே டாடா மின்சாரம் வாங்கிக்கலாம். ரேட் குறைவா இருந்ததால மக்கள் மாறினாங்க, பணமும் மிச்சமாச்சு.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? அதிகமா செலவழிக்கிற வாடிக்கையாளர்கள் கட்டுற கூடுதல் ரேட்தான் சின்ன வீடுகளோட பில்லைத் தாங்கிப் பிடிச்சது. அவங்க கிளம்பிட்டா மிச்சம் இருக்கிறவங்க தலையில் பாரம் விழும். அதனால 2011-ல் மாறினவங்க மேல ஒரு கூடுதல் கட்டணம் போட்டாங்க. 2012-ல், இனிமே மாதம் 300 யூனிட் வரைக்கும் செலவழிக்கிற வீடுகள் மட்டும் டாடாவுக்கு மாறலாம்னு ஆணையம் சொல்லிடுச்சு.

பிரிட்டனில் 1990-களின் கடைசியிலேயே எல்லா வீடுகளுக்கும் இந்த உரிமை வந்தாச்சு. ஒப்பிட்டுப் பார்த்து வருஷா வருஷம் மாறுவது அங்கே சாதாரணம். ஆனா 2021-ல் எரிவாயு விலை எகிறினப்போ 25-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் மூழ்கின. யாருக்கும் கரன்ட் நிற்கலை. வாடிக்கையாளர்களை வேற கம்பெனிகளுக்கு மாற்றி விட்டாங்க. அந்தச் செலவு? எல்லாரோட பில்லிலும் சேர்ந்தது.

நம்ம நாட்டில் 2022 ஆகஸ்டில் மின்சாரத் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. ஒரே கம்பியில் பல கம்பெனிகள் விற்கலாம் என்பது அதோட சாரம். எதிர்ப்பு கிளம்ப, நிலைக்குழுவுக்குப் போச்சு.

நான் போட்டியே வேண்டாம்னு சொல்லலை. ஆனா சென்னையில் நல்லா பில் கட்டுற அப்பார்ட்மென்ட்டைத் தேடி பத்து கம்பெனி வரும். ஏரியூரில் ஒரு விவசாயக் கிணற்றைத் தேடி யார் வருவாங்க? அதுக்குப் பதில் சொல்ற சட்டம் வந்தா நானே முதல் ஆளா ஆதரிப்பேன்.

அதுவரைக்கும் மிச்சம் பிடிக்க வழி இல்லையா? இருக்கு. நம்ம வீட்டு பில்லில் ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கிற யூனிட்டில் ஒரு பகுதிக்கும் ரேட் ஏறும். அதனால 490-க்கும் 510-க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் வெறும் 20 யூனிட் இல்லை. ரீடிங் எடுக்க வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி மீட்டரை ஒரு தடவை நீங்களே பார்த்துடுங்க. கம்பெனியை மாற்ற முடியாட்டியும், எந்தப் படியில் நிற்கிறோம்ங்கறது நம்ம கையில்தான் இருக்கு.