கள்ளின் சுவையும் கடையின் கணக்கும்: மலாயாத் தோட்டப்புறம் குறித்து ஒரு நோக்கு

இலவங்கப்பட்டையின் இனிப்பும் காரமும் கலந்த விஸ்கியைச் சுவைத்து மகிழ்வோர் இன்று பல நாடுகளில் உளர். மதுவின் மணத்தைப் போற்றுவது தமிழர்க்கும் புதிதன்று. யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பொற்கலத்தில் அருந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகின்றார் (புறநானூறு 56). ஆயின், மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாற்றில் கள் பெரும்பாலும் தீமையாகவே பதிவாகியுள்ளது; அதன் சுவை பேசப்படுவதில்லை. விரும்பி அருந்திய கள்ளின் கடையை மூடுமாறு தொழிலாளர்களே கோரியது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

தென்னம்பாளையில் சுண்ணாம்பிடாது இறக்கிய சாறு சில மணி நேரத்திலேயே நொதிக்கும். முதலில் இனிக்கும், பொழுது ஏறப் புளிப்பும் போதையும் மிகும். தாயகத்தில் பழகிய இச்சுவை, பால்மரக் காட்டில் உழைத்துக் களைத்தவர்க்கு ஆறுதலாயிற்று. ஆனால், தோட்டத்துக் கடை நிருவாகத்தின் பிடியில் இருந்தது. உழைப்பவரின் கூலி, கடை வழியாகத் தோட்டத்திற்கே திரும்பியது. கடை ஆதாயம் தொழிலாளர் நலச் செலவுக்குப் பயன்பட்டபோதும், அந்நலனுக்கு விலை கொடுத்தவர் தொழிலாளரே.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. துரைமார் எதிரே மிதிவண்டியினின்று இறங்காமல் செல்லும் உரிமையையும் அவர்கள் கேட்டனர். இவற்றை ஒருங்கு வைத்துக் காணின், கள்ளுக்கடை எதிர்ப்பு ஒழுக்கப் பிரச்சாரம் மட்டுமன்று, தன்மானப் போராட்டமும் ஆகும் என்பது தெளிவு. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நடத்திய மறியல்களும் இவ்வழிப்பட்டனவே. அவர்கள் எதிர்த்தது கள்ளின் சுவையை அன்று. அச்சுவையைக் கருவியாக்கிய கட்டமைப்பை.

பின்னாளில் மலிவான சம்சு தோட்டங்களில் பரவியது. இறக்கியவுடன் இனிக்கும் கள்ளுக்குரிய சுவை அதற்கில்லை. விரைந்து ஏறும் போதையே அதன் ஈர்ப்பு.

தஞ்சோங் மாலிம் போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்யும் தமிழாசிரியர்கள், குடியால் நேர்ந்த கேட்டைக் கேட்பதோடு நில்லாமல், அருந்தியதன் சுவையையும் கேட்டறிதல் வேண்டும். மக்கள் விரும்பிய ஒன்றே அவர்களைக் கட்டிய கயிறாகவும் ஆனதை அப்போதுதான் வரலாறு முழுமையாகச் சொல்ல இயலும்.