கல்வராயன் மலையும் நற்செய்திப் பணியும்

நற்செய்திப் பணி என்பது இயேசு கிறித்துவைப் பற்றிய செய்தியைப் பிறருக்கு அறிவித்து, அதன்படி வாழ அவர்களை அழைக்கும் திருச்சபையின் பணியாகும். தமிழ்நாட்டில் இப்பணிக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. கள்ளக்குறிச்சிச் சமவெளியும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையும் அவ்வரலாற்றில் ஒரு சிறு பகுதியே. ஆயினும் நற்செய்திப் பணியை அளக்க உதவும் இரண்டு கேள்விகள் இப்பகுதியிலும் இதன் சுற்றுப்புறத்திலும் தெளிவாக எழுந்தன. செய்தியைச் சொல்பவர் கேட்பவரோடு சேர்ந்து வாழ்கிறாரா? செய்தியை ஏற்றவர்கள் தமக்குள் ஒரே பந்தியில் அமர்கிறார்களா?

சொல்லும் பொருளும்

கிரேக்க மொழியில் 'எவாங்கெலியோன்' என்ற சொல்லுக்கு நல்ல செய்தி என்பது பொருள். தமிழில் சீர்திருத்தச் சபையார் இதனைச் 'சுவிசேஷம்' என்றும், கத்தோலிக்கர் இன்று 'நற்செய்தி' என்றும் வழங்குகின்றனர். 'சுவிசேஷ ஊழியம்', 'மறைப்பணி', 'அருட்பணி' ஆகிய சொற்களும் வழக்கில் உள்ளன. ஊர் ஊராகச் சென்று கற்பிப்பவர் 'உபதேசியார்' எனப்பட்டார். மிஷனரிகளின் பெயர்களே நூல்களில் மிகுதியாக இடம்பெற்றாலும், சிற்றூர்களில் அன்றாடம் பணி செய்தவர்கள் உபதேசியார்களும், வீடுகளுக்குச் சென்று பெண்களுக்கு விவிலியம் சொல்லிக்கொடுத்த பெண்களுமே ஆவர்.

நற்செய்திப் பணியும் மதமாற்றமும் ஒன்றல்ல. அறிவிப்பது திருச்சபையின் செயல். ஏற்பதும் ஏற்காததும் கேட்பவரின் உரிமை. இந்த வேறுபாட்டை மறந்த இடங்களில்தான் பூசல்கள் தோன்றின.

இடமும் மக்களும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. அதற்கு முன் இப்பகுதி பழைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இம்மலைத்தொடர் சேலம், தர்மபுரி மாவட்டங்களிலும் பரவியுள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள மலை ஊர்களுக்கு வெள்ளிமலை நிருவாக மையமாக உள்ளது.

மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்குவது. கேரள மக்களைக் குறிப்பதன்று. இவர்கள் தமிழ் பேசுவோர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய அண்ணன் தம்பிகள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்டும், தேன், கடுக்காய், புளி சேகரித்தும் வாழ்ந்தனர். சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் ஆளுகையில் இருந்த மலை ஊர்கள் 1976-இல்தான் அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மலைமக்கள் ஜாகிர் முறையின் கீழேயே வாழ்ந்தனர்.

சமவெளியில் தொடக்கக் காலப் பணி

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, துறவியர் கோலத்தில் தமிழ் கற்று, தமிழ் வழியில் மறையைச் சொன்ன முன்னோடி ஆவார். அவருக்குப் பின் இயேசு சபையினர் வடக்கே செஞ்சி நாட்டுப் பகுதிகளிலும் பணியாற்றினர். வீரமாமுனிவர் எனப்படும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி (1680–1747) கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லையை அடுத்துள்ள கோணான்குப்பத்தில் மரியன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அங்கே அன்னையின் பெயர் பெரியநாயகி. தமிழ்ப் பெண்ணின் உடையில் விளங்கும் அன்னையின் உருவமும் அந்தத் தமிழ்ப் பெயரும் அயல்நாட்டுச் சமயம் என்ற எண்ணத்தைக் குறைத்தன.

ஆயினும் இம்முறைக்கு ஒரு குறை இருந்தது. உயர்சாதியினருக்குச் சந்நியாசிகள், பிற சாதியினருக்குப் பண்டாரசாமிகள் எனப் போதகர்களே இரு வகையினராயினர். சமூகத்தின் பண்பாட்டை மதிக்க முனைந்தவர்கள் அதன் சாதிப் பிரிவையும் ஆலயத்துக்குள் அனுமதித்தனர்.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் அடுத்த திருப்பம். புதுச்சேரியை மையமாகக் கொண்டு இயங்கிய பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையினரும், ஆற்காடு பகுதிகளில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகளும் பஞ்ச நிவாரணத்தில் ஈடுபட்டனர். அக்காலத்தில் பல்லாயிரம் பேர், குறிப்பாக ஒடுக்கப்பட்ட மக்கள், திருமுழுக்குப் பெற்றனர். இவர்கள் சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அன்றே எழுந்தது. ஆனால் பஞ்சம் தீர்ந்த பின்னும் பல ஊர்களில் சபைகள் நிலைத்தன. கஞ்சியோடு மதிப்பும் பள்ளியும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அம்மக்களை ஈர்த்திருக்க வேண்டும்.

சாதியும் பொதுப்பந்தியும்

சீர்திருத்தச் சபைகளில் சாதி பற்றிய விவாதம் 19-ஆம் நூற்றாண்டில் கடுமையாக நடந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். 1850-இல் சென்னை மிஷனரிகள் மாநாடு ஒருபடி மேலே சென்றது. தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உண்ண முன்வருபவரே சாதியை விட்டவராகக் கருதப்படுவார் என்று அது அறிவித்தது. ஒருவரின் நம்பிக்கையை அவர் வாயால் சொல்லும் அறிக்கையைக் கொண்டு மட்டுமன்றி, அவர் அமரும் பந்தியைக் கொண்டும் சோதிக்கலாம் என்ற கருத்து இதில் இருந்தது.

ஜெர்மானிய லைப்சிக் மிஷன் இதை ஏற்கவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம், நற்போதனையால் காலப்போக்கில் அது தானே மறையும் என்பது அதன் நிலைப்பாடு. அந்த மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் இக்கருத்தோடு உடன்படாமல் வெளியேறினார். 1860-களின் தொடக்கத்தில் தென்னாற்காட்டில் பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணியைத் தொடங்கி, அந்த இடத்துக்குப் 'பெத்தானியா' என்று பெயரிட்டார். 1821-இல் தொடங்கப்பட்ட டேனிஷ் மிஷனரி சங்கம் அவரைத் தன் பணியாளராக ஏற்றது. 1873-இல் ஓக்ஸ் மறைந்தார்.

அவருக்குப் பின்னும் டேனிஷ் மிஷன் பணி விரிவடைந்தது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவிலூரில் பள்ளியும் மருத்துவமனையும் அமைந்தன. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அப்பணியின் தொடர்ச்சியே ஆகும். சாதியோடு சமரசம் கூடாது என்று கூறிப் பிரிந்து வந்த ஒருவரிடமிருந்து இம்மரபு தொடங்கியது குறிப்பிடத்தக்கது.

டேனிஷ் மிஷனின் ஆசிரியையாக வந்த அன்னே மரி பீட்டர்சன் வேறொரு கேள்வியை எழுப்பினார். ஆளும் வெள்ளையரின் பக்கம் நின்றுகொண்டு மக்களிடம் அன்பைப் பற்றிப் பேச முடியுமா என்பதே அது. காந்தியின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட அவர் மிஷனிலிருந்து விலகி, பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கான தேசியப் பள்ளியைத் தொடங்கினார். 1921-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. மருத்துவமும் கல்வியும் மதமாற்றத்துக்குக் கருவியாகக் கூடாது என்று பின்னாளில் வலியுறுத்தி எழுதியவரும் அவரே.

மலைக்குச் சென்றவர்கள்

சமவெளியில் பணி இவ்வாறு வளர்ந்தபோதும் மலைகளுக்குச் செல்வோர் குறைவு. வண்டிப்பாதை இல்லாததும் மலேரியாக் காய்ச்சலும் தடையாயின. கல்வராயனுக்குத் தெற்கே, நாமக்கல் பகுதியிலுள்ள கொல்லிமலையில் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் தம்பதியர் குடியேறினர். இவர்களுக்குத் திருமணமானது 1913-இல். ஜெஸ்ஸி மருத்துவம் பார்த்தார், தச்சு வேலை கற்பித்தார், நில உரிமைச் சிக்கல்களில் மலைமக்களுக்காக அதிகாரிகளிடம் வாதாடினார். ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஒருவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை.

முதல் உலகப்போரின் முடிவில் பரவிய நச்சுக் காய்ச்சல் கொல்லிமலையையும் தாக்கியது. பிராண்ட் தம்பதியரை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் நோயுற்றபோது அஞ்சி யாரும் அருகில் செல்லவில்லை. அவரைப் பார்க்கச் சென்றவர்கள் பிராண்ட் தம்பதியரே. இறக்கும் நிலையில் இருந்த பூசாரி தம் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்ற பெயரில் அக்குழந்தை அவர்கள் வீட்டில் வளர்ந்தது. இதன் பிறகுதான் கொல்லிமலையில் சபை உருவாகத் தொடங்கியது. பல ஆண்டுப் பிரசங்கம் செய்யாததை ஆபத்தில் உடன்நின்ற செயல் செய்தது.

1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் இறந்தார். கொல்லிமலையோடு கல்வராயன், பச்சைமலை முதலிய அண்டை மலைகளுக்கும் செல்வது தம்பதியரின் கனவாக இருந்தது. எவ்லினின் மிஷன் அவரைச் சமவெளிப் பணியில் அமர்த்தியது. 1940-களின் இறுதியில், எழுபதை நெருங்கிய வயதில், அவர் பணி ஓய்வு பெற்றார். முதுமையைக் காரணம் காட்டி மிஷன் அவரை மலைக்கு அனுப்ப இசையவில்லை. எனவே ஓய்வு பெற்றதும் தம் விருப்பப்படி கல்வராயன் மலைக்குச் சென்று தங்கினார்.

மட்டக்குதிரை மீதும், பின்னர் மூங்கில் கோல்களை ஊன்றியும் அவர் ஊர் ஊராகச் சென்றார். எலும்பு முறிவுகளுக்குப் பின்னும் பணியை நிறுத்தவில்லை. மலையில் அப்போது நரம்புச் சிலந்தி நோய் மிகுந்திருந்தது. படிக்கட்டுக் கிணறுகளில் இறங்கி நீர் எடுக்கும்போது நோயாளியின் காலிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நீர்த்தெள்ளுகள் அவற்றை உண்ணும். அந்த நீரைக் குடிப்பவர் உடலில் புழு வளர்ந்து, ஏறத்தாழ ஓராண்டில் காலைத் துளைத்து வெளிவரும். இதற்குத் தடுப்பூசி இல்லை. துணியால் வடிகட்டுவதும், கிணற்றில் கால் வைக்காதிருப்பதுமே வழி. இந்நோயை ஒழிப்பதில் எவ்லின் முனைந்து உழைத்தார். கல்வராயனில் இந்நோய் பெருமளவு மறைந்ததில் அவருக்குப் பங்குண்டு. இந்தியா முழுவதும் நரம்புச் சிலந்தியிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

'பாட்டி பிராண்ட்' எனப்பட்ட எவ்லின் 1974 டிசம்பரில், 95 வயதில் மறைந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட் இவர்களின் மகன்.

அதே 1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கூடிய உலக நற்செய்தி மாநாடு, நற்செய்தி அறிவிப்பும் சமூகக் கடமையும் கிறித்தவரின் இரு பொறுப்புகள் என்று அறிவித்தது. மறு ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல், சொல்லுக்கு முன் வாழ்க்கைச் சான்று வேண்டும் என்று எழுதினார். மாநாடுகளும் மடல்களும் அதைச் சொல்லும் முன்பே கல்வராயன் மலையில் அது நடைமுறையில் இருந்தது.

எறையூர் நிகழ்வு

மலையில் வெளியாரை நோக்கிய பணி இவ்வாறு நடக்க, சமவெளியில் சபைக்குள் சாதி தொடர்ந்தது. உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூர் பழைமையான கத்தோலிக்கப் பங்கு. அங்கு வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் வாழ்கின்றனர். கல்லறையும் சவ வண்டியும் தனித்தனியே இருந்தன. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறித்தவர்கள் 2008 மார்ச்சில் போராடினர். மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கும் முன்னரே, 2003 நவம்பரில், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் புதுச்சேரி–கடலூர் உள்ளிட்ட தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டுக்குச் சபையில் இடமில்லை என்று கண்டித்துப் பேசியிருந்தார். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஓக்ஸ் எழுப்பிய கேள்வி 21-ஆம் நூற்றாண்டிலும் தீரவில்லை என்பதையே இவை காட்டுகின்றன. 'காலப்போக்கில் சாதி தானே மறையும்' என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது.

சட்டமும் நற்செய்திப் பணியும்

இந்திய அரசமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், நலவாழ்வு ஆகியவற்றுக்கு உட்பட்டு, எவரும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை அளிக்கிறது. பரப்பும் உரிமை என்பது மற்றொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டது.

இட ஒதுக்கீட்டில் மலைக்கும் சமவெளிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறித்தவத்தைத் தழுவும் ஆதிதிராவிடர் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். பட்டியல் பழங்குடித் தகுதிக்குச் சமய வரையறை இல்லை. எனவே மலையாளி ஒருவர் கிறித்தவரானாலும் பழங்குடித் தகுதி நீங்குவதில்லை. சமவெளியின் தலித் கிறித்தவரோ சபைக்குள் சாதியால் ஒதுக்கப்படுகிறார். சபைக்கு வெளியே அதே சாதிக்குரிய உரிமையையும் பெற முடிவதில்லை.

மதிப்பீடு

இப்பகுதியின் வரலாற்றில் நற்செய்திப் பணியின் பயன் திருமுழுக்கு எண்ணிக்கையால் மட்டும் அளக்கத்தக்கதன்று. கோணான்குப்பத்தில் மொழியும் உடையும், மேல்பட்டாம்பாக்கத்தில் பந்தியும், பரங்கிப்பேட்டையில் நாட்டுப்பற்றும், மலைகளில் நோயாளியின் அருகிருப்பும் அப்பணியின் உண்மையைச் சோதித்தன. எறையூர் அதே சோதனையைச் சபையின் உள்ளேயே வைத்தது. வெளியே அன்பை அறிவிக்கும் சபை, உள்ளே கல்லறையைப் பிரித்து வைத்திருக்குமானால், கேட்பவர் முதலில் காண்பது அந்தக் கல்லறைச் சுவரையே. அச்சுவரை அகற்றுவதும் நற்செய்திப் பணியின் ஒரு பகுதியே ஆகும்.